கண்ணாடிக் கதவில் படிந்த போர்வெல் தண்ணீர்

எங்கள் வீட்டுக் குளியலறையின் மேற்குச் சுவரில் சிறியதாக ஒரு வென்டிலேட்டர் உண்டு. மாலை ஐந்தரை மணிவாக்கில் அதன் வழியே வெயில் சாய்ந்து விழும்போது, ஷவருக்குக் குறுக்கே நிற்கும் கண்ணாடிக் கதவில் ஒரு சாப்பாட்டுத் தட்டு அகலத்திற்குக் கீறல்கள் தெரியும். மற்ற நேரங்களில் அவை இருப்பதே கண்ணுக்குப் படாது. மயிரிழையைவிட மெல்லியவை, வட்ட வட்டமாகச் சுற்றியவை, நூற்றுக்கும் மேற்பட்டவை. அத்தனையும் என் கையால் விழுந்தவை. புது வீட்டுக்குக் குடிவந்த இரண்டாம் ஆண்டு, தீபாவளிக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை, கண்ணாடியில் மூடுபனி போலப் படிந்திருந்த வெள்ளையை எப்படியாவது எடுத்துவிடுவது என்று, பாத்திரம் துலக்கும் பச்சை நாரையும் துலக்கும் பொடியையும் எடுத்துக்கொண்டு ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். கால் மணி நேரம் தேய்த்த பிறகும் வெள்ளை அப்படியே இருந்தது, கண்ணாடிதான் தேய்ந்திருந்தது.

இதைச் சொல்ல எனக்குக் கூச்சமாகத்தான் இருக்கிறது. திருப்பூரில் சாயப்பட்டறை லேபில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக வேலை பார்ப்பவன் நான். தண்ணீரின் கடினத்தன்மையை அளந்து பார்க்காமல் ஒரு பேட்ச் துணியைக்கூட மெஷினில் ஏற்ற விடமாட்டோம். கால்சியம் மிகுந்த தண்ணீரில் சாயம் போட்டால் துணியில் திட்டுத் திட்டாக ஏறும் என்பதும், அந்தத் துணியைத் திரும்பவும் வெளுத்துச் சாயம் போடுவது எவ்வளவு நட்டம் என்பதும் எங்களுக்குக் கைகண்ட பாடம். அப்படிப்பட்டவன், தன் வீட்டுக் கண்ணாடியில் இருப்பது அழுக்கு என்று எண்ணிக்கொண்டு நாரைக் கையில் எடுத்தது தவறுதான். அது அழுக்கல்ல, கல்.

கொங்கு நாட்டில் வளர்ந்தவர்களுக்கு ‘நல்ல தண்ணி’, ‘உப்புத் தண்ணி’ என்னும் பிரிவினையை விளக்க வேண்டியதில்லை. கோவையில் என்றால் சிறுவாணியும் பில்லூரும் நல்ல தண்ணி, எங்கள் திருப்பூரில் மேட்டுப்பாளையத்திலிருந்து வரும் பவானி ஆற்றுத் தண்ணீர் நல்ல தண்ணி. வீட்டு போரில், அதாவது ஆழ்துளைக் கிணற்றில், ஏறுவது உப்புத் தண்ணி. நாக்கில் உப்புக் கரிப்பது ஒன்று, பருப்பு வேகாமல் கல்லாக நிற்பதும் சோப்பு நுரைக்காமல் இருப்பதும் வேறொன்று என்றாலும், வழக்கில் இரண்டையும் ஒரே சொல்லில் ‘உப்பு’ என்று அடக்கிவிடுகிறோம். கண்ணாடியைக் கெடுப்பது இரண்டாவதுதான். மேல் மண்ணைக் கொஞ்சம் தோண்டினாலே சுக்கான்கல் என்னும் சுண்ணாம்புக் கட்டி தட்டுப்படும் நிலங்கள் நம் பக்கத்தில் நிறைய உண்டு. கோவையை அடுத்த மதுக்கரையில் சிமென்ட் ஆலை வந்ததே அங்கே சுண்ணாம்புக்கல் கிடைத்ததால்தான். மழைத்தண்ணீர் மண்ணுக்குள் இறங்கும்போது அங்குள்ள கரியமில வாயுவைச் சேர்த்துக்கொண்டு லேசான புளிப்பேறி, வழியில் உள்ள சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டே போகிறது. கரைந்த நிலையில் அது கால்சியம் பைகார்பனேட். அந்தத் தண்ணீர் ஒரு துளி கண்ணாடியில் நின்று காயும்போது நிலத்தடியில் நடந்தது தலைகீழாக நடக்கிறது: வாயு வெளியேறுகிறது, நீர் ஆவியாகிறது, கால்சியம் கார்பனேட் மட்டும் துளியின் விளிம்பில் வெள்ளை வளையமாக ஒட்டிக்கொள்கிறது. மறுநாள் அதே இடத்தில் இன்னொரு துளி. கீசர் காயிலில் ஓடுபோலக் கட்டுவதும், வெந்நீர் அண்டாவின் உட்புறத்தில் செதிலாக ஏறுவதும் இதே சரக்குதான்.

கீறல் விழுந்த மறுநாள், கொஞ்சம் ரோஷத்துடன், வீட்டுத் தண்ணீரை இரண்டு பாட்டில்களில் பிடித்துக்கொண்டு லேபுக்குப் போனேன். பஃபர் கரைசல் ஊற்றி, இண்டிகேட்டர் ஒரு சிட்டிகை போட்டு, தண்ணீர் சிவந்த பிறகு பியூரெட்டைத் திறந்து, அது நீலமாகத் திரும்பும் வரை துளித்துளியாக விடுவது, கடினத்தன்மையை அளக்கத் தினமும் செய்கிற வேலைதான். குழாயில் வரும் ஆற்றுத் தண்ணீரின் கடினத்தன்மை, கால்சியம் கார்பனேட் கணக்கில், லிட்டருக்கு நூறு மில்லிகிராமைத் தொடவில்லை. 720 அடி போரிலிருந்து மொட்டைமாடித் தொட்டிக்கு ஏறும் தண்ணீர் லிட்டருக்கு 640 மில்லிகிராம் காட்டியது. குடிநீருக்கான இந்தியத் தர அளவு 200 மில்லிகிராம்; வேறு வழியே இல்லாத இடத்தில் 600 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்கிறார்கள். எங்கள் ஷவருக்கு வருவது அந்தக் கடைசி எல்லையையும் தாண்டியது. கண்ணாடி பொருத்த வந்த தம்பியிடம் அன்று பராமரிப்பு பற்றிக் கேட்டதற்கு, “துணியில தொடச்சா போதுமுங்ணா” என்றார். அவர் சொன்னது பொய்யில்லை. எப்போது துடைக்க வேண்டும் என்பதை மட்டும் அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

நார் ஏன் தோற்றது, கண்ணாடி ஏன் கீறியது என்பதற்கும் கணக்கு இருக்கிறது. கற்களின் கடினத்தை ஒன்றிலிருந்து பத்து வரை வரிசைப்படுத்தும் மோஸ் அளவுகோலில் கால்சைட் எனப்படும் இந்தச் சுண்ணாம்புப் படிவின் இடம் 3, சன்னல் கண்ணாடியின் இடம் ஏறத்தாழ 5.5, மணலில் உள்ள குவார்ட்ஸின் இடம் 7. துலக்கும் பொடியில் மணல் போன்ற துகள் இருந்தால் அது படிவையும் கீறும், கண்ணாடியையும் கீறும். பச்சை நாரில் ஒட்டியிருக்கும் உராய்வுத் துகளும் அப்படித்தான். துணிக்கும் தேங்காய் நாருக்கும் கண்ணாடியைக் கீறும் வலு கிடையாது. ஆனால் தரையில் கிடந்த நாரில் ஒரு மணல் சிக்கியிருந்தால் போதும்.

ஆகவே இதைத் தேய்த்து எடுக்க முயலக் கூடாது, கரைத்து எடுக்க வேண்டும். பித்தளைக் குடத்தைப் புளி போட்டுத் துலக்கும் எவருக்கும் புளிப்பின் வேலை தெரியும். கண்ணாடிக்குப் புளி வேண்டாம், நிறம் ஒழுகிச் சந்துகளில் இறங்கும். எலுமிச்சையில் உள்ள புளிப்பையே தூளாக விற்கும் சிட்ரிக் ஆசிட் போதும். மளிகைக் கடையில் கிடைக்கும், விலையும் அதிகமில்லை. வெள்ளை வினிகரும் வேலை செய்யும். அதில் அசெட்டிக் அமிலம் நூற்றுக்கு நான்கைந்து பங்குதான். எங்கள் பட்டறையில் சாயம் போட்ட துணியின் காரத்தை முறிக்க இதே இரண்டையும்தான் பயன்படுத்துகிறோம் என்றாலும், பட்டறைக் கேனில் இருக்கும் அடர்ந்த அசெட்டிக் ஆசிட் தோலையும் கண்ணையும் வெந்துபோகச் செய்வது. ‘கொஞ்சம் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போகிறேன்’ என்று கேட்டுவந்த ஹெல்பர்களை நான் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

புளிப்பை ஊற்றும் முன் செய்ய வேண்டிய ஒரு வேலை இருக்கிறது; இதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். கண்ணாடியில் இருப்பது வெறும் சுண்ணாம்பு அல்ல. குளியல் சோப்பு கடினத் தண்ணீரில் உள்ள கால்சியத்தோடு சேர்ந்தால் நுரைக்குப் பதிலாகத் தயிர் திரிந்தாற்போல ஒரு பசை உண்டாகிறது. அது தண்ணீரில் கரையாது, மெழுகுபோல ஒட்டும். எங்கள் வீட்டில் அதற்கு மேல் இன்னொன்றும் சேரும். சனிக்கிழமை வந்தால் அம்மா நல்லெண்ணெய்க் கிண்ணத்துடன் நிற்பார், வெள்ளிக்கிழமை என் மனைவிக்கும் மகளுக்கும் அதே நியமம். எண்ணெய் போக அரப்புத்தான், ஷாம்பு கூடாது. அரப்பு சோப்பைப்போலத் திரியாது என்பது உண்மை. ஆனால் பச்சைத் தூள் கண்ணாடியில் தெறித்து, எண்ணெயில் ஒட்டிக் காய்ந்து, அதன் மேல் சுண்ணாம்பும் ஏறிவிட்டால், வெண்மையும் பச்சையும் கலந்த அந்தப் படிவைப் பார்ப்பவர்கள் பாசி என்றே நினைப்பார்கள். இந்த எண்ணெய்ப் பசை மேலே இருக்கும் வரை எந்தப் புளிப்பும் உள்ளே இறங்காது. நூலில் உள்ள மெழுகை முதலில் ஸ்கவரிங் செய்து எடுக்காமல் சாயத்தில் இறக்கினால் துணி தண்ணீரையே குடிக்காதல்லவா, அதே கதைதான்.

ஆகையால் முதலில் வெதுவெதுப்பான நல்ல தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவத்தைச் சில துளிகள் விட்டு, மென்மையான ஸ்பாஞ்சால் கண்ணாடி முழுவதையும் கழுவி விடுவேன். பிறகு ஒரு லிட்டர் வெந்நீரில் 50 கிராம் சிட்ரிக் ஆசிட்டைக் கரைத்துக்கொள்வேன். அதைக் கண்ணாடியில் வெறுமனே தெளித்தால் அரை நிமிடத்தில் ஒழுகித் தரைக்குப் போய்விடும். படிவைக் கரைக்க அதற்கு நேரம் வேண்டும். இங்கேதான் திருப்பூர்க்காரனாக இருப்பதன் சௌகரியம். கட்டிங் டேபிளில் மிஞ்சும் வெள்ளைப் பனியன் வேஸ்ட் கிலோக் கணக்கில் கிடைக்கிறது. பருத்திப் பின்னல் துணி என்பதால் நன்றாக உறிஞ்சும், கீறாது. கரைசலில் நனைத்து லேசாகப் பிழிந்து கண்ணாடியில் அறைந்தாற்போல ஒட்டினால் அப்படியே நிற்கும். ஓரத்தைச் சற்றுத் தூக்கி, காதை அருகே வைத்துக் கேட்டால், சோடாவில் கேட்பதுபோன்ற மெல்லிய பொரிச்சல் சத்தம்; கண்ணைக் கிட்டே கொண்டு போனால் வெள்ளை வளையங்களின் விளிம்பில் கடுகைவிடச் சிறிய குமிழிகள் கிளம்புவதைப் பார்க்கலாம். மண்ணுக்குள் சுண்ணாம்பு பிடித்துவைத்திருந்த வாயு அது. இருபது நிமிடம் விட்டு, துணி காய்ந்தால் மீண்டும் கொஞ்சம் நனைத்து, பிறகு அதே துணியால் மேலிருந்து கீழாகத் துடைத்தால் படிவு சேறுபோல வழிந்து வரும். பழைய படிவாக இருந்தால் இரண்டு மூன்று முறை செய்ய வேண்டியிருக்கும். புளிப்பு பட்டதும் சோப்புப் பசை உடைந்து கொழுப்பாகப் பிரிந்து நிற்குமாதலால், முடிவில் இன்னொரு முறை பாத்திர திரவத்தால் கழுவி, நல்ல தண்ணீர் ஊற்றி, உடனே உலர்த் துணியால் ஒற்றி எடுத்துவிட வேண்டும்.

கண்ணாடியைக் காப்பாற்றிய அந்த முதல் நாளில் நான் வேறொன்றைக் கெடுத்துக்கொண்டேன். எங்கள் ஷவர் பகுதிக்கு வாசற்படிபோல ஓர் அங்குல உயரத்திற்கு வெள்ளை மார்பிள் பட்டை பதித்திருக்கிறது. மார்பிளும் சுண்ணாம்புக்கல்தான் என்பது எனக்குத் தெரியாத செய்தியல்ல. கண்ணாடியிலிருந்து ஒழுகிய புளிப்பு அதன் மேல் நின்று, மெருகு போய், விரல் வைத்தால் சொரசொரக்கும் அளவுக்கு ஒரு கோடு விழுந்துவிட்டது. என் மனைவி அதைக் கண்டுபிடித்து, “ஏனுங்க, அந்தக் கதவு சுத்தமாச்சு, இந்தக் கல்லை என்ன பண்றதுங்க?” என்று கேட்டதற்கு இன்றுவரை பதில் இல்லை. கீழே மார்பிளோ கோட்டா கல்லோ கடப்பா கல்லோ இருப்பவர்கள், தண்ணீரில் நனைத்த தடித்த துண்டை முதலில் அதன் மேல் விரித்து, ஒழுகுவதை உடனுக்குடன் வாரிவிட வேண்டும். கிரானைட்டாக இருந்தால் அவ்வளவு பயமில்லை.

கழிவறைக்கு ஊற்றும் ஆசிட்டை இதற்குப் பயன்படுத்துவோரும் உண்டு; அரை நிமிடத்தில் படிவு போய்விடும் என்பார்கள். போகும்தான். அதிலுள்ள ஹைட்ரோகுளோரிக் அமிலம் கீல், கைப்பிடி, குழாய் ஆகியவற்றின் குரோம் பூச்சையும் சேர்த்தே கொண்டுபோகும். மூடிய குளியலறையில் அதன் ஆவியை மூச்சில் இழுப்பது நெஞ்சுக்கு ஆகாது. அதற்கு முன்போ பின்போ பிளீச்சிங் பவுடரைத் தூவினால் குளோரின் வாயு கிளம்பும், அது உயிருக்கே உலை வைக்கும். வினிகரையும் சிட்ரிக் ஆசிட்டையும்கூட பிளீச்சோடு சேர்க்கக் கூடாது. பெயர்ச்சீட்டு ஒட்டாத பாட்டிலில் ‘கண்ணாடிக் கறை லிக்விட்’ என்று விற்பதை நான் வாங்குவதே இல்லை. அப்படிச் சிலவற்றில் கண்ணாடியையே அரிக்கும் ஃபுளோரைடு சேர்மங்கள் இருக்கும், அவை எலும்பு வரை இறங்கக் கூடியவை.

எல்லாம் செய்தும் போகாத ஒரு மங்கல் உண்டு. படிவு பல ஆண்டுகள் நின்றிருந்தால், ஈரமும் காரமும் சேர்ந்து கண்ணாடியின் மேல்தோலையே அரித்திருக்கும். தண்ணீரில் சிலிக்கா இருந்தால் அதுவும் புளிப்புக்கு மசியாது. ஈரமாக இருக்கும்போது பளிச்சென்றும் காய்ந்தவுடன் மங்கலாகவும் தெரிந்தால், புளிப்பு வைத்தியம் இரண்டு முறை செய்த பிறகும் அப்படியே இருந்தால், அது மேலே படிந்த சுண்ணாம்பல்ல, பெரும்பாலும் கண்ணாடியில் உண்டான காயம் என்று கொள்ளலாம். சீரியம் ஆக்சைடு கொண்டு பாலிஷ் செய்து ஓரளவு சரிசெய்யலாம். அது பொறுமையும் மெஷினும் கேட்கிற வேலை. என் கீறல்களை நான் அப்படியே விட்டுவிட்டேன்.

இனி சுத்தமாக வைத்திருப்பது. இதில் ஒரே ஒரு பொருளைத்தான் நான் முழு மனத்துடன் பரிந்துரைப்பேன்: ஓர் அடி அகலமுள்ள, ரப்பர் விளிம்பு கொண்ட கை வைப்பர். குளித்து முடித்தவர், துண்டை எடுப்பதற்கு முன், மேலிருந்து கீழாகக் கோடு கோடாக இழுத்துவிட வேண்டும். ஒவ்வொரு இழுப்பும் முந்தைய கோட்டின் மேல் இரண்டு விரல் அளவு ஏறியிருக்க வேண்டும். ஒரு நிமிட வேலை. இது உண்மையிலேயே எவ்வளவு மிச்சம் பிடிக்கிறது என்று பார்க்க, ஒரு நாள் வைப்பரில் வழிந்த தண்ணீரைத் தட்டில் பிடித்து, அளவுக் குழாயில் ஊற்றினேன்: சுமார் 60 மில்லி. லிட்டருக்கு 640 மில்லிகிராம் என்றால் அதில் 38 மில்லிகிராம் சுண்ணாம்பு. மூன்று பேர் தினமும் குளித்தால், ஓர் ஆண்டில் 40 கிராமுக்கு மேல். வெற்றிலைக்குத் தடவ எங்கள் அப்பாரு வைத்திருந்த சுண்ணாம்பு டப்பி நினைவுக்கு வந்தது. அதைப்போல இரண்டு டப்பியை ஆண்டுதோறும் கதவில் பூசிக்கொண்டிருந்திருக்கிறோம். இன்னும் ஒரு சிறு பழக்கம்: வைப்பர் போடும் முன் ஒரு குவளை நல்ல தண்ணீரைக் கண்ணாடியின் தலைப்பிலிருந்து ஊற்றிவிட்டால், விட்டுப்போகும் துளிகளும் மென்தண்ணீர்த் துளிகளாகவே இருக்கும். நல்ல தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள் வரும் ஊரில் இதை எல்லோருக்கும் சொல்ல எனக்கு மனமில்லை.

வாட்டர் சாஃப்ட்னர் வைக்கலாமா என்று கேட்பவர்களுக்கு: வைக்கலாம், பட்டறையில் நாங்கள் வைத்திருப்பதும் அதுதான். அதிலுள்ள ரெசின் கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு பதிலுக்குச் சோடியத்தைக் கொடுக்கும். ரெசின் தளர்ந்ததும் சாதாரண உப்புக் கரைசலை ஓட்டிப் புதுப்பிக்க வேண்டும். தண்ணீரிலுள்ள மொத்த உப்பு இதனால் குறையாது. கண்ணாடியில் புள்ளி அப்போதும் விழும், ஆனால் ஈரத்துணி பட்டதும் போய்விடும் புள்ளி. உப்பு மூட்டை தூக்குவதும், கழிவு உப்புத் தண்ணீரைத் தென்னைக்கு விடாமல் பார்த்துக்கொள்வதும் உங்கள் பாடு. குழாயின் மேல் காந்தத்தைக் கட்டினால் போதும் என்று சொல்லிப் பக்கத்து வீட்டில் ஒன்றை மாட்டிப் போனார்கள். அதற்கு முன்னும் பின்னும் தண்ணீர் பிடித்து நான் அளந்தேன்; இரண்டு முறையும் ஒரே எண். கார் கண்ணாடிக்குப் பூசும் நீர்விலக்கிப் பூச்சு சில மாதங்களுக்குப் பலன் தருகிறது, துளிகள் தாமரை இலையில் உருள்வதுபோல உருண்டு ஓடுகின்றன. படிவை முழுவதும் எடுத்த பிறகே பூச வேண்டும், தரையில் சிந்தினால் வழுக்கிவிடும்.

குளியல் சோப்பை மாற்றியது எதிர்பாராத அளவுக்கு உதவியது. பெரும்பாலான பாடி வாஷ் வகைகள் கால்சியத்தோடு திரிவதில்லை. அரப்பை மாற்ற எனக்கு அதிகாரமில்லை. “அரப்புத் தேச்சா குளிர்ச்சி கண்ணு, கண்ணாடிக்காக மண்டையக் காயப் போடுவியா?” என்று அம்மா கேட்டபோது நான் வாயைத் திறக்கவில்லை. எண்ணெய்க் குளியலன்று மட்டும் பழைய பாணியிலான இன்னொரு குளியலறையில், அண்டா வைத்து, செம்பில் மொண்டு குளிப்பது என்று சமாதானமாகிவிட்டது. உண்மையில் அதுதான் சுகமாகவும் இருக்கிறது.

கதவின் அடியில் செருகியிருக்கும் பிளாஸ்டிக் பட்டையை யாரும் கவனிப்பதில்லை. தண்ணீர் வெளியே வராமல் தடுக்கும் அது, உள்ளே கொஞ்சத்தைத் தேக்கியும் வைத்துக்கொள்ளும்; மாதம் ஒருமுறை பக்கவாட்டில் இழுத்துக் கழற்றி, சிட்ரிக் கரைசலில் ஊறவைத்து, பழைய பல் துலக்கும் பிரஷால் உட்புறத்தைத் தேய்த்தால் போதும். மஞ்சளித்து விறைத்துவிட்டால் புதிது வாங்க வேண்டும். கடைக்குப் போகும்போது கண்ணாடி 8 மில்லிமீட்டரா 10 மில்லிமீட்டரா என்று அளந்துகொண்டு போகாவிட்டால் இரண்டாம் முறை அலைய நேரும், எனக்கு நேர்ந்தது. சிலிகான் ஒட்டில் கருப்பாகப் பூஞ்சை பிடித்தால், குளித்த பிறகு கதவைத் திறந்துவைத்து வென்டிலேட்டருக்கு வேலை கொடுங்கள். கழற்றி மாட்டும்போது வாளியின் விளிம்போ சுத்தியலோ கதவின் ஓரத்தில் படாமல் பார்க்க வேண்டும்; டஃபன் எனப்படும் வலுவூட்டிய கண்ணாடி நடுவில் வலுவாகத் தாங்கும், ஓரத்தில் ஓர் அடி பட்டால் முழுவதும் பொடிப் பொடியாகக் கொட்டிவிடும்.

ஷவர் தலையின் துளைகள் அடைத்துத் தண்ணீர் கண்டபடி பீய்ச்சினால் கண்ணாடியில் தெறிப்பதும் கூடும். ஒரு பாலித்தீன் பையில் அதே கரைசலை ஊற்றி, தலை மூழ்கும்படி ரப்பர் பேண்டால் கட்டி ஒரு மணி நேரம் விட்டுவிட்டு, திறந்து ஓடவிட்டால் துளைகள் திறந்துகொள்ளும்; இரவெல்லாம் விட்டால் குரோம் மங்கும்.

போன பொங்கல் நோம்பிக்குத் தங்கை குடும்பத்தோடு வந்து நான்கு நாள் இருந்தாள். பெரியவர்களுக்கு வைப்பரைக் காட்டிச் சொல்லிவிட்டேன். அவளுடைய இரண்டு பிள்ளைகள் குளித்ததை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. அவர்கள் ஊருக்குப் போன மாலையில், ஐந்தரை மணி வெயிலில், என் இடுப்பு உயரத்திற்குக் கீழே மட்டும் கண்ணாடி முழுவதும் சின்னச் சின்ன வளையங்கள். நடுவில் விரலால் வரைந்த ஒரு கோழியும் காய்ந்திருந்தது. பனியன் துணியை நனைத்து ஒட்டிக் கோழியைக் கரைத்தேன். இப்போது குளியலறைச் சுவரில், தரையிலிருந்து மூன்றடி உயரத்தில், இன்னொரு கொக்கியும் அரையடி வைப்பரும் தொங்குகின்றன.